ரூபாய்க்கு அரையணா: ஊர் நூல்நிலையம் பிறந்த கதை

நம் காலனியில் வாழும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஊரில் இன்னும் ஒரு வீடு உண்டு. சில வீடுகளில் முதிய பெற்றோர் இருக்கிறார்கள். பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. ஆண்டுதோறும் சித்தப்பாவோ பங்காளி ஒருவரோ நகராட்சி அலுவலகத்துக்குச் சென்று வரியைக் கட்டி, ரசீதை நமக்கு அனுப்பி வைக்கிறார். மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு அதைப் பெட்டியில் போட்டு மூடுகிறோம். அந்த ரசீதில் சொத்து வரிக்கு அடுத்தாற்போல் 'நூலக வரி' என்று தனியே ஓர் இனம் இருப்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருப்போம்? தமிழில் வரி என்றால் கோடு. வரி என்றால் எழுத்தின் வரிசை. வரி என்றால் அரசிறையுமாம். மூன்று பொருளும் ஒன்றாய்ப் பொருந்தும் இடம் அந்த ரசீதில் உள்ள அந்த ஒரு வரிதான்.

ஆண்டு மலர்களில் கோயில்களின் வரலாறும் அரசர்களின் வரலாறும் இடம் பெறுவது வழக்கம். இம்முறை நாம் எழுதப் புகுவது அவற்றைவிடச் சிறிய பொருள்: நம் ஊர்க் கடைத்தெருவில், பெரும்பாலும் ஒரு வாடகைக் கட்டிடத்தில், பச்சை நீலம் என ஏதோ ஒரு வண்ணப் பலகையுடன் இருந்த கிளை நூலகம் எவ்வாறு அங்கே வந்து சேர்ந்தது என்பது. அதைக் கட்டியது மன்னரும் அல்லர், வள்ளலும் அல்லர். அதனாலேயே அதற்கு வரலாறு இல்லை என்று எண்ணிவிட்டோம் போலும்.

தமிழ்நாட்டில் நூல் திரட்டும் பழக்கம் புதிதன்று. தஞ்சையில் நாயக்க மன்னர் காலத்தில் தோன்றி, 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரால் பெரிதும் வளர்க்கப்பட்ட சரசுவதி மகாலை அறியாதார் இலர். ஆயினும் அது அரண்மனைச் செல்வமாகவே நெடுங்காலம் இருந்து, 1918இல்தான் பொதுமக்களுக்குரியதாயிற்று. சென்னையில் கன்னிமாரா நூல்நிலையம் 1896 டிசம்பரில் திறக்கப்பெற்றது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவியபோது அதனுடன் பாண்டியன் புத்தகசாலையும் எழுந்தது. இவை யாவும் பெருநகரங்களில் புலவர்க்கும் பட்டதாரிகளுக்கும் பயன்பட்டவை. சிற்றூரிலும் சிறு நகரத்திலும் வாழ்ந்த சாதாரண மனிதனுக்குக் கிடைத்ததெல்லாம் வாசகசாலை என்ற பெயரில் ஒரு திண்ணை, ஒரு பெஞ்சு, இரண்டு செய்தித்தாள்கள்.

அந்த வாசகசாலைகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தேசிய இயக்கமும், பின்னர் சுயமரியாதை இயக்கமும் திராவிட இயக்கமும் ஊருக்கு ஊர் படிப்பகங்களை வைத்தன. முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டனர். ஆயினும் வாசகசாலை ஒரு தனவானின் தயவால் நடந்தால் அவர் காலத்தோடு முடிந்தது. ஒரு கட்சியின் ஊக்கத்தால் நடந்தால் தேர்தலோடு ஓய்ந்தது. யாருடைய திண்ணையோ அவருடைய விருப்பமே சட்டம். அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவில் நின்றபடி எட்டிப் பார்க்க வேண்டும் என்பதை ஊர் வழக்கம் முடிவு செய்தது. இந்தக் கடைசிச் செய்தியை நாம் எளிதில் கடந்துபோகக் கூடாது. பொது நூல்நிலையம் என்பதில் நூல்நிலையத்தைவிடப் 'பொது' என்ற சொல்லுக்குத்தான் எடை அதிகம்.

இந்தியாவில் இதனை முதலில் பெரிய அளவில் உணர்ந்தவர் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட். தம் நாட்டில் கட்டாயத் தொடக்கக் கல்வியைப் புகுத்திய அவர், படிக்கக் கற்றவர் படிப்பை மறந்துவிடாதிருக்கப் புத்தகம் வேண்டும் என்று கண்டார். 1910இல் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்னும் நூலக அறிஞரை அழைத்துவந்து மூன்றாண்டுகள் பணியாற்றச் செய்தார். மரப்பெட்டிகளில் புத்தகங்கள் ஊர் ஊராகச் சென்றன. ஒரு கிராமம் நூல்நிலையத்துக்கென்று ஒரு பங்கு பணம் திரட்டினால், மாவட்டப் பஞ்சாயத்து ஒரு பங்கும் அரசு ஒரு பங்கும் அளித்தன. மன்னர் நினைத்திருந்தால் முழுத் தொகையையும் கஜானாவிலிருந்தே கொடுத்திருக்கலாம். ஊரார் தம் பங்கைத் தந்த பிறகே கொடுத்தார். அதில்தான் அவருடைய கூர்மை தெரிகிறது.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். பேச்சும் கேள்வியுமாய் நிறைந்திருந்த வகுப்பறையை விட்டுவந்தவருக்கு அந்த அமைதி சிறைபோல் இருந்தது. ஒரு வாரத்துக்குள்ளேயே கல்லூரிக்குத் திரும்பிவிடத் துடித்தார் என்பர். முதலில் இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வரட்டும். அதன் பிறகும் மனம் ஒட்டாவிடில் திரும்பலாம் என்று பெரியவர்கள் இசைவித்தனர்.

இலண்டனில் அவருக்கு ஆசிரியராய் வாய்த்தவர் சேயர்ஸ் என்னும் அறிஞர். குராய்டன் நகரப் பொது நூல்நிலையத்தின் தலைவர். அங்கே ரங்கநாதன் கண்டது அவரை மாற்றிவிட்டது. தொழிலாளர், இல்லத்தரசியர், சிறுவர் என எல்லாரும் தம் உரிமைபோல் நூல்நிலையத்துக்குள் நுழைந்து, அலமாரியைத் தாமே தொட்டு, தமக்கு வேண்டியதை எடுத்துச் சென்றனர். நம் நாட்டிலோ புத்தகங்கள் பூட்டிய அலமாரிக்குள் இருந்தன; சாவி நூலகர் இடுப்பில் இருந்தது; புத்தகம் காணாமற் போனால் அவர் சம்பளத்தில் கை வைப்பார்களோ என்ற அச்சமும் இருந்தது. பூட்டைக் காப்பதே நூலகர் கடமை என்ற நிலையில் வாசகன் ஒரு தொல்லையாகத்தானே தெரிவான்?

1925 நடுவில் திரும்பிய ரங்கநாதன் கல்லூரிப் பக்கம் போகவில்லை. பல்கலைக்கழக நூல்நிலையத்தில் அலமாரிகளைத் திறந்துவைத்தார். 1928 சனவரி 30ஆம் நாள் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அவரே அதன் செயலாளர். 1931இல் அவருடைய நூலகவியல் ஐந்து விதிகள் பற்றிய நூல் வெளிவந்தது. 1933இல் கோலன் பகுப்புமுறை வெளிவந்தது. உலக நூலகத்துறை அவரைப் போற்றுவது பெரும்பாலும் இவ்விரண்டுக்காகவே. நம் ஊர்க் கதைக்கு வேண்டிய ரங்கநாதன் வேறொருவர்: மாவட்டந்தோறும் சென்று, மேடையேறி, புத்தகம் மக்களைத் தேடிச் செல்ல வேண்டும் என்று பேசிய ரங்கநாதன்.

அந்தப் பேச்சுக்குச் செவி கொடுத்தவருள் ஒருவர் மன்னார்குடியை அடுத்த மேலவாசலைச் சேர்ந்த பொறியாளர் கனகசபைப் பிள்ளை. மன்னார்குடி அந்நாளில் தஞ்சை மாவட்டம். இன்று திருவாரூர் மாவட்டம். இராசகோபாலசுவாமி கோயிலும், கடலெனப் பரந்த அரித்திரா நதி என்னும் தெப்பக்குளமும், மிஷன் பள்ளியும் உள்ள கல்விப் பழக்கமுடைய ஊர். அந்த நகரத்தைச் சுற்றிலும் வயலும் வாய்க்காலுமாய்ச் சிற்றூர்கள். நகரத்தில் இருந்த கல்வி அந்த வாய்க்கால்களைத் தாண்டவில்லை. கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டுவண்டியைப் புத்தகம் ஏற்றிச் செல்லத் தக்கதாய் வடிவமைத்தார். சென்னை நூலகச் சங்கத்தின் ஆதரவில் 1931 அக்டோபர் 21ஆம் நாள் அந்த நடமாடும் நூல்நிலையம் புறப்பட்டது.

ஐப்பசி பிறந்து சில நாட்களே ஆன வேளை. காவிரிக் கழனியில் அடைமழை தொடங்கும் பருவம். மழைச் சேற்றில் சக்கரம் புதையாமல் ஒரு வண்டிப் புத்தகத்தை ஓட்டிச் செல்வது எப்படிப்பட்ட வேலை என்பதை அந்தப் பக்கத்து மண்ணை மிதித்தவர்கள் அறிவார்கள். நாட்டில் பத்துப் பேருக்கு ஒருவர்கூட எழுத்தறியாத காலம் அது. நெல்லும் எருவும் ஏற்றிய வண்டியையே கண்டு பழகிய கண்களுக்கு முன், புத்தகம் ஏற்றிய வண்டி வந்து நின்றது. கல்வி பள்ளிக்கூடத்தோடு முடிவதன்று, வயல் வரப்பு வரையிலும் அது வரலாம் என்பதை ஓராயிரம் சொற்பொழிவுகளைவிட அந்த இரண்டு மாடுகள் நன்றாக விளக்கியிருக்கும். மன்னார்குடிக்கு அதன் மதிலழகைவிடப் பெரும்புகழ் தருவது இந்த வண்டியே என்று நாம் சொன்னால் ஊர்க்காரர்கள் கோபித்துக் கொள்ள மாட்டார்கள் என நம்புகிறோம்.

ஆயினும் வண்டி ஒரு கேள்வியையும் உடன் ஏற்றிக்கொண்டுதான் சென்றது. மாட்டுக்குத் தீனி வேண்டும்; வண்டிக்காரருக்குக் கூலி வேண்டும்; கிழிந்த புத்தகத்துக்கு மாற்று வேண்டும். ஒரு நல்ல மனிதரின் ஈகையால் ஒரு வண்டி ஓடும். மாகாணம் முழுவதும் ஓட வேண்டிய வண்டிகளுக்கு எத்தனை நல்ல மனிதரைத் தேடுவது? அவர்கள் மறைந்த பின் மாடுகளை யார் அவிழ்த்துக் கட்டுவது?

இதற்கு விடை ரங்கநாதனிடம் முன்பே இருந்தது. 1930 டிசம்பரில் காசியில் கூடிய அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் அவர் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்திருந்தார். நூல்நிலையம் தருமமாக இருக்கக் கூடாது. சட்டத்தால் நிறுவப்பட்டு, வரியால் நடத்தப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். 1933இல் பஷீர் அகமது சயீது சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு நூலக மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. புதிய வரி என்றால் எந்தக் காலத்திலும் எந்த மன்றமும் தயங்கவே செய்யும். சோற்றுக்கே வழியில்லாத நாட்டில் புத்தகத்துக்கு வரியா என்ற வாதம் எளிதில் தள்ளத் தக்கதன்று என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. விடுதலை வந்த தறுவாயில் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராய் இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார், கோவையில் இராமகிருஷ்ண வித்தியாலயத்தை நிறுவியவர். தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கி, பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளில் தமிழ்க் கலைக்களஞ்சியம் வெளிவர வழிசெய்தவரும் அவரே. அவர் காலத்தில் 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டங்களில் இதுவே முதலாவது. 1950 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. படிப்பதற்குக் களஞ்சியம் ஒருபுறம், அதை வைப்பதற்கு அலமாரி மறுபுறம் என்று ஒரே மனிதர் இரண்டையும் எண்ணிச் செய்தது நம் நன்றிக்குரியது. அவரது பெயரைச் சொல்லும் நூல்நிலையப் பலகைகளை நாம் அதிகம் பார்த்ததில்லை.

சட்டத்தின் உயிர்நாடி அதன் வரிப் பிரிவில் இருந்தது. சொத்து வரியாகவோ வீட்டு வரியாகவோ ஒருவர் செலுத்தும் ஒவ்வொரு முழு ரூபாய்க்கும் மேற்கொண்டு ஆறு பைசா, அதாவது பழைய கணக்கில் அரையணா, நூலக வரியாகச் செலுத்த வேண்டும். பன்னிரண்டு பைசா ஓரணா, பதினாறு அணா ஒரு ரூபாய் என்று வாய்ப்பாடு ஒப்பித்தவர்களுக்கு இதன் அளவு உடனே விளங்கும்: ரூபாயில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. நகராட்சியும் பஞ்சாயத்தும் அதை வசூலித்து, மாவட்டந்தோறும் அமைந்த நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். சென்னை நகரம் நீங்கலான பகுதிகளில், வசூலான வரித்தொகைக்குக் குறையாத ஒரு தொகையை அரசும் தன் பங்காக அளிக்க வேண்டும். பரோடா மன்னரின் பங்குக் கணக்கு இங்கே சட்டமாக எழுதப்பட்டுவிட்டது என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

நூல்நிலையத்தின் வாசற்படியை ஒருநாளும் மிதிக்காதவரும் இந்த அரையணாவைக் கட்டினார். கைநாட்டு வைத்து ரசீது வாங்கிய ஓட்டு வீட்டுக் கிழவியும் கட்டினார். மச்சு வீட்டு மிராசுதாரும் கட்டினார். ஆகையால் உள்ளே நுழையும் எவரையும் 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லாமற் போயிற்று. திண்ணை வாசகசாலைக்கும் கிளை நூலகத்துக்கும் உள்ள வேறுபாடு புத்தக எண்ணிக்கையில் இல்லை. இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

அன்றைய சென்னை மாகாணம் ஆந்திரக் கடற்கரையையும் மலபாரையும் தென்கன்னடத்தையும் உள்ளடக்கியது. மாநிலங்கள் பிரிந்த பின் ஆந்திரர் 1960இலும் கன்னடர் 1965இலும் கேரளர் 1989இலும் தமக்கெனத் தனி நூலகச் சட்டங்களை இயற்றிக்கொண்டனர். மூன்றிலும் நூலக வரி தொடர்ந்தது. நம் காலனியில் எதிர்வீட்டுத் தெலுங்கரும் பக்கத்து வீட்டு மலையாளியும் இந்த வரிசையில் நம் கூட்டாளிகளே. 1967இல் மராட்டியமும் 1979இல் வங்காளமும் சட்டம் இயற்றின. ஆனால் வரி விதிக்கவில்லை.

தமிழ்நாட்டில் கன்னிமாரா 1950இலேயே மாநில மைய நூலகமாயிற்று. மாவட்டத் தலைநகரில் மைய நூலகமும், சிறு நகரங்களில் கிளை நூலகமும் எழத் தொடங்கின. காமராசர் காலத்தில் பொதுக் கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு பொது நூலக இயக்குநர் பொறுப்பையும் உடன் வகித்தார். பள்ளிகள் பெருகியதோடு நூலகங்களும் பெருகின. 1972இல் நூலகத்துக்கென்றே தனி இயக்ககம் அமைந்தது. 1957இல் நயா பைசா வந்தபோது அரையணாக் கணக்கு மறைந்தது. வரி விகிதமும் பின்னாளில் படிப்படியாய் உயர்ந்து ரூபாய்க்குப் பத்துக் காசாயிற்று. இன்று மாநிலத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. 2010இல் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பெற்றன. அவற்றின் பெருமையைப் பிறர் எழுதுவார்கள். நாம் கடைத்தெருவுக்கே திரும்புகிறோம்.

நாம் பள்ளியில் படித்த நாட்களில் கிளை நூலகம் என்பது ஒரு மணம். பழைய தாளும் கோந்தும் மழைக்கால ஈரமும் கலந்த மணம். வாசலில் மேசைமேல் வருகைப் பதிவேடு. நூலால் கட்டித் தொங்கவிட்ட பேனா. கையெழுத்திடத் தெரிந்ததே பெரிய மனிதத்தனமாய்த் தோன்றிய வயதில், நாம் முதன்முதலில் கையெழுத்திட்ட அரசாங்கப் புத்தகம் அதுதான். நீண்ட மேசையில் செய்தித்தாள்கள். முதல் பக்கம் ஒருவர் கையிலும் விளையாட்டுப் பக்கம் இன்னொருவர் கையிலுமாய்ப் பிரிந்து கிடக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தலையங்கத்தை முடிக்கும் வரை எவரும் அதைக் கேட்கத் துணிவதில்லை. உள்ளே அலமாரிகளில் கல்கியும் அகிலனும் லட்சுமியும் மு. வரதராசனாரும் நா. பார்த்தசாரதியும், தமிழ்வாணனுக்கு மட்டும் எப்போதும் காத்திருப்போர் வரிசை. கலைக்களஞ்சியத்தின் தொகுதிகள் வெளியே கொடுக்கப்படாதவை. அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டியவை. மழை பெய்யும் மாலைகளில் அவற்றைப் புரட்டியே நம்மில் சிலர் வேலைக்கான தேர்வு எழுதி, இத்தலைநகரம் வரை வந்து சேர்ந்தோம்.

வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து சென்று, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய ஏமாற்றம் இன்றும் நினைவில் நிற்கிறது. உறுப்பினராகச் சிறு காப்புத்தொகை கட்ட வேண்டும். அந்தத் தொகைக்காக வீட்டில் நடந்த வாதப் பிரதிவாதங்களும் நினைவில் உண்டு. பெண்பிள்ளைகள் அந்நாளில் அங்கு வந்து உட்காருவது அரிது. தம்பியை அனுப்பிப் புத்தகம் மாற்றிவரச் சொல்லி வீட்டுக்குள் இருந்தபடியே நூலகத்தின் பாதியைப் படித்துத் தீர்த்த அக்காமார்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள். நூலகரின் கடன்பதிவேட்டில் அவர்கள் பெயர் இராது. தம்பியின் பெயர்தான் இருக்கும். நம் காலனியின் மூத்த பெண்மணிகளில் சிலரைக் கேட்டால் இதன் உண்மை விளங்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. வாடகைக் கட்டிடங்கள் ஒழுகின. வசூலித்த நூலக வரியை உரிய காலத்தில் ஆணைக்குழுவிடம் சேர்க்காமல் உள்ளாட்சி மன்றங்கள் நிலுவை வைப்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாய்ச் சொல்லப்பட்டுவரும் குறை. கட்டியவர் கட்டிவிட்டார், வாங்கியவர் வைத்துக்கொண்டார், புத்தகம் வரவில்லை. சாலை போடவில்லையென்றால் ஊரார் கூட்டமாய்ச் சென்று கேட்பார்கள். புத்தகம் வரவில்லையென்று கேட்க ஒருவரும் போவதில்லை. தம் பணம் அதில் இருக்கிறது என்பதே தெரியாதபோது யார் போய்க் கேட்பார்? ரசீதின் அந்த ஒரு வரியைப் படிக்காமல் விடுவதில் உள்ள இழப்பு இதுதான். இப்போது நன்கொடை அளிப்போரைப் 'புரவலர்' என்று பலகையில் எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கமே. ஆனால் உண்மையில் ஊரில் வீடுள்ள ஒவ்வொருவரும் புரவலர்தாம். பலகையில் இடம் போதாது.

ரங்கநாதனும் நம்மைப்போல் ஊரைவிட்டு வந்தவரே. சென்னைப் பணியை விட்டபின் 1945 முதல் 1947 வரை காசியிலும், 1947 முதல் 1954 வரை தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். அவர் இங்கிருந்த காலத்திலேயே, 1951 அக்டோபர் 27ஆம் நாள், யுனெஸ்கோவின் துணையோடு பழைய தில்லி ரயில் நிலையத்தின் எதிரே தில்லிப் பொது நூலகத்தை நேரு திறந்துவைத்தார். தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து, மனைவி சாரதாவின் பெயரால் நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவச் செய்தவர் அவர். 1972 செப்டம்பர் 27இல் பெங்களூரில் மறைந்தார். தில்லியில் நாம் கட்டும் வீட்டு வரியில் நூலகத்துக்கென்று ஓர் இனம் இன்றுவரை இல்லை.

இவ்வளவும் எழுதக் காரணம் நம் சங்கத்தின் அலமாரி. இரும்பு அலமாரிகள் இரண்டு உள்ளன. அவற்றில் உள்ள புத்தகங்களை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. மாற்றலாகிச் சென்றவர்களும் ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர்களும் சாமான் கட்டும்போது மூட்டையில் இடமில்லாமல் விட்டுச் சென்றவை அவை. கொடுத்தவர்களுக்கு நன்றி. ஆயினும் ஒரே நாவல் நான்கு பிரதிகளாய் இருக்கிறது; எட்டு வயதுக் குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தக்கதாய் நான்கு புத்தகம் இல்லை. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் எழுதும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து கண்ணில் படும் இடம் இந்த அலமாரி ஒன்றே. அது மூட்டையில் மிஞ்சியதைக் கொண்டு நிரம்ப வேண்டுமா என்பதைப் பொதுக்குழு எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோளை இம்மலர் வழியாகவே முன்வைக்கிறோம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த அதே விகிதத்தில், சந்தாவில் ரூபாய்க்கு அரையணா நூல்நிலையக் கணக்கில் தனியே வரவு வைக்கப்படட்டும். படிப்பவர் படிக்காதவர் என்ற வேறுபாடு வேண்டாம். குடும்பத்துக்கு ஆண்டுச் சந்தா 600 ரூபாய் என்று கொண்டால் அது 18 ரூபாய் 75 காசு. இருநூறு குடும்பங்கள் சேர்ந்தால் 3,750 ரூபாய். ஊருக்கு விடுமுறையில் செல்பவர் ஒருவர் குழந்தைப் புத்தகங்களாய்ப் பார்த்து வாங்கிவந்தால், ரயிலில் கொண்டுவரும் வேலைக்குக் கூலி கேட்க மாட்டார். ஆண்டுக்கு ஒருமுறை என்ன வாங்கினோம், யார் படித்தார்கள் என்ற கணக்கை இந்த மலரிலேயே அச்சிடலாம்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு அலமாரிகளின் சாவியும் செயலாளர் வீட்டில் இருக்கின்றன. அவர் அலுவலகத்திலிருந்து திரும்ப மாலை ஏழு மணியாகிறது. குழந்தைகள் விளையாட வருவது ஐந்து மணிக்கு.